செவியும் பார்வையும் இல்லாதவர் ஆசிரியராவது எப்படி: மொழிபெயர்ப்பும் கருவிகளும்

கேள்வி இது: தங்கைக்கு 21 வயது. பிறவியிலேயே காது கேட்காது, சைகை மொழி சரளமாக வரும். அஷர் சிண்ட்ரோம், அதாவது காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கும் மரபணுக் கோளாறு, என்று இப்போது கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆசிரியர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. வெளிநாடுகளில் செவிப்பார்வையற்றவர்களே மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கருவிப் பயிற்சிக்கும் ஆசிரியர்களாக இருக்கிறார்களாமே, அது எப்படி நடக்கிறது? நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார்கள்?

நடக்கிறது. அதிலும் சில பாடங்களை அவர்கள் நடத்தினால்தான் சரியாக வரும். கண்ணால் பார்க்கும் சைகை மொழியில், மொழிபெயர்ப்பாளர் செய்வது சரியா தவறா என்று எதிரே நிற்கும் யாரும் பார்த்துச் சொல்லலாம். கையால் தொட்டு வாங்கும் சைகையில் அது முடியாது. தேர்வாளர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஒரு வாக்கியம், அதன் மேல் கை வைத்திருப்பவருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் புருவத்தை உயர்த்திக் கேள்வி கேட்டிருப்பார்; கைக்குப் புருவம் தெரியாது; "நாளை வருகிறாயா?" என்பது "நாளை வருகிறாய்" என்று போயிருக்கும். என்ன வந்து சேர்ந்தது என்று சொல்ல வாங்கிய கையால்தான் முடியும். இந்த ஆசிரியர்களின் வேலை முழுதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இதற்கு நன்றாகப் பதிவான வாழ்க்கை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. சதோஷி ஃபுகுஷிமா 1962-இல் பிறந்தவர். 9 வயதில் பார்வை முழுதும் போனது. 18 வயதில் காதும் போனது. 1981-இல் ஒரு நாள், பிரெய்ல் தட்டச்சு கைவசம் இல்லாதபோது, அவருடைய தாய் ரெய்கோ மகனின் விரல்களையே விசைகளாக வைத்துத் தட்டினார்: "சதோஷி, புரிகிறதா?" புரிந்தது. விரல் பிரெய்ல் பிறந்தது அப்படித்தான். பிரெய்லின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விரல்கள். இடது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் முறையே 1, 2, 3. வலது கையில் அதே வரிசையில் 4, 5, 6. பிரெய்ல் தட்டச்சு தெரிந்தவர் ஒரே நாளில் அடிப்படையைப் பிடித்துவிடலாம். வேகம்தான் மாதக் கணக்கில் பழகி வரும்.

ஃபுகுஷிமா 1983-இல் டோக்கியோ பெருநகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஜப்பானில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் செவிப்பார்வையற்றவர் அவர்தான். 1996-இல் கனாசாவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், 2001-இல் டோக்கியோ பல்கலைக்கழகம், 2008-இல் அங்கேயே முழுப் பேராசிரியர். இந்த ஆண்டுகளைவிட முக்கியமான ஒன்று அவர் வாழ்க்கையில் உண்டு. விரல் பிரெய்ல் கிடைத்த பிறகும் தனிமை அவரை விடவில்லை. யாராவது அவரிடம் நேராகப் பேசினால் மட்டும் உலகம் இருக்கும். அவர்கள் கையை எடுத்ததும் உலகம் அணைந்துவிடும். அவரைச் சுற்றி மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒரு தோழி அப்படியே, பேசுபவர் பெயரோடு, அவர் விரல்களில் தட்டத் தொடங்கிய பிறகுதான் நிலை மாறியது. உரையாடலில் கலந்துகொள்ளும் வாய்ப்பு அப்போதுதான் வந்தது.

வித்தியாசத்தை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பயிற்சியில்லாத மொழிபெயர்ப்பாளர், "வீட்டு வாடகை பற்றிப் பேசுகிறார்கள்" என்று சுருக்கிச் சொல்லிவிட்டு ஓய்வெடுப்பார். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பயிற்சி பெற்றவர் இப்படித் தருவார்: "குமார்: வாடகை எவ்வளவு? மீனா சிரித்துக்கொண்டே: அதை மட்டும் கேட்காதே. குமார் உன் பக்கம் திரும்புகிறார்." முதலில் பேசுபவர் பெயர், பிறகு அவர் சொன்ன சொற்கள் "நான்" என்ற தன்மையிலேயே, இடையில் அங்கே நடப்பது. மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேட்பவருக்குத் தன் முறை எப்போது வருகிறது என்று தெரியாமல் போகும். மொழிபெயர்ப்பாளர் வகுப்புகளில் இது சட்டமாகச் சொல்லித்தரப்படுகிறது. ஆனால் அது விடுபடும்போது எங்கே வலிக்கிறது என்று காட்டிக்கொடுக்கச் செவிப்பார்வையற்ற ஆசிரியர்தான் வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வழி இன்னும் தூரம் போயிருக்கிறது. சியாட்டில் நகரில் செவிப்பார்வையற்றோர் எண்ணிக்கை வெகு காலமாகவே அதிகம். 2007-இலிருந்து ஜெலிகா நூச்சியோ, ஏ.ஜே. கிராண்டா என்ற இருவர் அங்கே ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். இருவருமே செவிப்பார்வையற்றவர்கள். செவிப்பார்வையற்ற இருவர் பேசிக்கொள்ள நடுவில் பார்வையுள்ள ஒருவர் எதற்கு? 2010-11-இல் அவர்களே ஆசிரியர்களாக இருந்து, 11 செவிப்பார்வையற்றவர்களுக்கு 20 பயிற்சி அமர்வுகள் நடத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், தொடுதலிலேயே எல்லாம். புரோடாக்டைல் என்று இன்று அழைக்கப்படும் மொழிவழக்கு அதிலிருந்து வளர்ந்தது. 2017-இல் வெஸ்டர்ன் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கல்வித் துறை நிதியில் செவிப்பார்வையற்றோர் மொழிபெயர்ப்புக்கென்று தேசியப் பயிற்சி மையம் தொடங்கியபோது, புரோடாக்டைல்தான் அதன் பாடத்தின் மையமாக அமைந்தது.

சாதாரணத் தொடு-சைகையில், பேசுபவர் காற்றில் சைகை செய்கிறார். கேட்பவர் அந்தக் கைகளின் மேல் தன் கைகளை வைத்துத் தொடர்கிறார். காற்றில் இடது பக்கம் வீடு, வலது பக்கம் கடை என்று காட்டினால் கண்ணுக்கு அது ஒரு வரைபடம். கைக்கு எங்கோ வெட்டவெளி. புரோடாக்டைலில் வரைபடம் கேட்பவரின் உடம்பிலேயே வரையப்படுகிறது. அவருடைய முன்கை தெருவாகலாம், உள்ளங்கை மைதானமாகலாம். கேட்பவரும் சும்மா இருப்பதில்லை. பேசுபவரின் தொடையில் தன் இன்னொரு கையை வைத்து, "ம்", "அப்படியா", "புரியவில்லை" என்பதைத் தட்டலாலும் அழுத்தத்தாலும் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். நாம் தொலைபேசியில் "ம்... ம்..." கொட்டுவது போல. எதிர்முனை ஊமையாக இருந்தால் எத்தனை நிமிடம் பேச முடியும் என்று யோசித்தால் இதன் அருமை தெரியும்.

இதைக் கற்பிக்கும் வகுப்பு எப்படி இருக்கும்? முதலில் உடம்பு. இருவரும் மேசையின் மூலையை ஒட்டிச் செங்கோணமாகவோ, முழங்கால் முழங்காலைத் தொடும் அளவுக்கு நெருங்கியோ உட்கார வேண்டும். நாற்காலிகள் ஒரே உயரம். ஒருவர் தாழ்ந்தால் மற்றவர் தோள் அரை மணியில் போய்விடும். முழங்கைக்குக் கீழே தலையணை. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்; மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். நம்மூரில் கண்ணாடி வளையல் போட்ட கையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்; வளையல் ஒவ்வொரு சைகையிலும் கேட்பவரின் மணிக்கட்டில் இடிக்கும். வெங்காயம், சிகரெட், கடுமையான வாசனைத் திரவியம் எதுவும் கையில் இருக்கக்கூடாது. முகத்துக்கு அரை அடி தூரத்தில் மணிக்கணக்கில் இருக்கப்போகும் கை அது. கை வியர்த்தால் சைகை வழுக்கும், எண்ணெய்ப் பசை இருந்தாலும் வழுக்கும். பக்கத்தில் சிறிய துண்டு வேண்டும்.

அடுத்தது நேரம். தொடு-மொழிபெயர்ப்பில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைத்தவருக்கு முதலில் விரலெழுத்து (பெயர், எண்களை விரல்களால் ஒவ்வொன்றாகக் காட்டுவது) கலங்கும், பிறகு பேசுபவர் பெயர்கள் விடுபடும், கடைசியில் சுருக்கம் தொடங்கிவிடும். செய்பவருக்கு இது தெரியாது. மாறும்போது பழையவர் கை எடுப்பதற்கு முன்பே புதியவர் கை வந்து சேர வேண்டும். கை வெறுமையாகும் இரண்டு நொடியில் கேட்பவர் அறையில் தனியாகிவிடுகிறார். இதைப் பாடமாகச் சொன்னால் மாணவர் தலையாட்டுவார். ஆசிரியரே அந்த இரண்டு நொடியில் பாடத்தை நிறுத்திவிட்டு, "இப்போது எங்கே போனாய்?" என்று கேட்டால் மறக்க மாட்டார்.

பார்வையுள்ள மாணவர் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, "செவிப்பார்வையற்றவராக இருந்து பார்" என்று அரை மணி நேரம் விடும் பயிற்சி இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. பயத்தைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தொட்டு வாழத் தெரிந்தவரின் உலகம் பயம் நிறைந்தது அல்ல. மாணவர் கண்ணை மூடட்டும், ஆனால் ஆசிரியர் கை மாணவர் கையில் இருக்கட்டும். அப்போதுதான் கண்ணைப் பயன்படுத்தாமல் எவ்வளவு செய்தி வந்து சேர்கிறது என்று வியப்பார்கள். அந்த வியப்பிலிருந்துதான் நல்ல மொழிபெயர்ப்பாளர் உருவாகிறார்.

தேர்வு நடத்துவதற்கும் எளிய, நேர்மையான வழி உண்டு. மூன்று நிமிடப் பேச்சு ஒன்று. அதில் இரண்டு பேர் பேச வேண்டும், நான்கைந்து எண்கள், இரண்டு ஊர்ப்பெயர்கள், ஒரு கோபம், ஒரு கேலி இருக்க வேண்டும். மாணவர் அதை ஆசிரியர் கைகளில் மொழிபெயர்க்கிறார். முடிந்ததும் ஆசிரியர் தனக்கு வந்து சேர்ந்ததைத் தன் பிரெய்ல் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு மூலத்தை எடுத்து ஒப்பிடுகிறார். எண் தவறினால் விரலெழுத்துப் பயிற்சி போதவில்லை. யார் சொன்னது என்பது மாறினால், பேசுபவர் யார், எங்கே இருக்கிறார் என்று காட்டும் இடக்குறிப்பு சரியில்லை. கேலி நேர்ச்சொல்லாக வந்தால் முகத்தில் செய்ததைக் கைக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. மதிப்பெண்ணைவிட இந்தப் பிரித்தறிதல்தான் மாணவருக்கு உதவும்.

வகுப்பறையை ஆசிரியர் எப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறார் என்பது அடுத்த சந்தேகமாக வரும். பார்ப்பவர்களுக்கு அவர் சைகையில் நேராகப் பேசுகிறார். சைகை தெரியாதவர்கள் இருந்தால் குரல் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். ஆசிரியருக்குத் தகவல் கொண்டுவர இரண்டு பேர் முறை மாற்றி இருப்பார்கள். ஒருவர் மாணவர் கேள்விகளைக் கையில் தருவார். மற்றவர் ஆசிரியரின் முதுகிலோ தோளிலோ சிறு தொடுகுறிகளால் அறையைச் சொல்லிக்கொண்டிருப்பார்: சிரிக்கிறார்கள், வலது பக்கம் ஒரு கை உயர்ந்திருக்கிறது, ஒருவர் வெளியே போகிறார், ஐந்து நிமிடம் பாக்கி. பேச்சை நிறுத்தாமலே ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்துவிடும். இந்தத் தொடுகுறிகளை ஒழுங்குபடுத்தி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் ஃபின்லாந்தின் ரீட்டா லஹ்தினென், செவிப்பார்வையற்றவரான ரஸ் பால்மர் இருவரும். லஹ்தினெனின் முனைவர் ஆய்வேடு 2008-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் வந்தது. இதைக் கற்க ஒரு வாரம் போதும். பேச்சாளர், வழக்கறிஞர், ஆசிரியர் என்று கூட்டத்தின் முன் நிற்கும் எந்தச் செவிப்பார்வையற்றவருக்கும் இதைவிட மலிவான உதவி கிடையாது. கருவி எதுவும் வேண்டியதில்லை.

கருவிகள் பக்கம் வருவோம். அமெரிக்காவில் இந்த வேலைக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2010-இல் நிறைவேறிய தகவல்தொடர்பு அணுகல் சட்டம் செவிப்பார்வையற்றோருக்குக் கருவி வழங்கும் தேசியத் திட்டம் ஒன்றுக்கு இடம் கொடுத்தது. 2012 ஜூலையில் முன்னோட்டமாகத் தொடங்கி 2017-இல் நிரந்தரமானது. ஐ-கேன்-கனெக்ட் என்பது மக்கள் அறிந்த பெயர். ஆண்டுக்கு 1 கோடி டாலர் வரை ஒதுக்கீடு. குடும்ப வருமானம் அரசின் வறுமை அளவைப்போல் நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும். கருவியோடு, அதை வீட்டில் பொருத்துவதும் கற்பிப்பதும் திட்டச் செலவிலேயே அடக்கம். கற்பிப்பவர்களைத் தயார்செய்யவும் பணம் உண்டு. கருவியை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அது அலமாரியில் தூங்கும். பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியதால்தான் செவிப்பார்வையற்ற பயிற்சியாளர்களுக்கு வேலை பிறந்தது. நம் நாட்டில் உதவிக் கருவித் திட்டங்கள் தீட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முக்கியக் கருவி பிரெய்ல் டிஸ்ப்ளே. 14, 20, 40 என்று எழுத்துப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு சிறு ஊசிகள் ஏறி இறங்கி எழுத்தாகும். கீழிரண்டு புள்ளிகள், 7-ம் 8-ம், பெரும்பாலும் கர்சரைக் காட்டும். கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள ஸ்கிரீன் ரீடர் திரையில் இருப்பதை இதற்கு அனுப்பும். விலைதான் பெரிய தடை. 40 பெட்டிக் கருவி ஆயிரக்கணக்கான டாலர். 2017 வாக்கில் வந்த ஆர்பிட் ரீடர் 20 என்ற 20 பெட்டிக் கருவி விலையைக் கணிசமாகக் கீழே கொண்டுவந்தது.

எத்தனை பெட்டி வேண்டும் என்பதில் தமிழுக்குத் தனிக் கணக்கு உண்டு. இந்திய மொழிகளுக்கான பொது முறையான பாரதி பிரெய்லில் அகரமேறிய மெய்க்கு ஒரு பெட்டி. வேறு உயிர் ஏறினால் இரண்டு. புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு, புள்ளிக்குறி முன்னால் வரும். "தமிழ்" என்பதற்கு ஐந்து பெட்டி. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள்: 24 பெட்டி. 20 பெட்டிக் கருவியில் ஒரே ஒரு வினைச்சொல் இரண்டு வரிக்கு உடையும். ஆங்கிலம் படிப்பவர் 20 பெட்டியில் சமாளித்துவிடுவார். தமிழில் நிறையப் படிக்கப்போகிறவருக்கு, பணம் இருந்தால், 40 எவ்வளவோ நல்லது. தமிழ் பிரெய்ல் அட்டவணை லிப்லூயி என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் பயன்படுத்துகிறது. கணினி தமிழைக் குழப்பமான புள்ளிகளாகக் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரெய்ல் அமைப்பில் ஆங்கில அட்டவணை தேர்வாகியிருக்கும்.

முதல் பயிற்சி வகுப்பு இப்படிப் போனால் நல்லது. முந்தின நாளே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, யூஎஸ்பி கேபிளையும் எடுத்து வைக்க வேண்டும். கருவியை அணைத்த நிலையிலேயே கையில் கொடுத்து, விளிம்புகள், இடைவெளி விசை, எழுத்து விசைகள், வரியை நகர்த்தும் விசைகள் எல்லாவற்றையும் தொட்டுத் தெரிந்துகொள்ள விட வேண்டும். கற்பவர் கையைப் பிடித்து இழுத்து விசைமேல் வைக்கும் பழக்கம் பார்வையுள்ள பயிற்சியாளர்களிடம் அதிகம். அது வாயைப் பொத்திக்கொண்டு பேசச் சொல்வதைப் போன்றது. பயிற்சியாளரின் கை கீழே, கற்பவர் கை அதன் மேல்; வேண்டாம் என்றால் அவர் எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். பிறகு ஐஃபோனானால் நான்கே கட்டளைகள்: இடைவெளியோடு 4 அடுத்த உருப்படி, இடைவெளியோடு 1 முந்தினது, இடைவெளியோடு 1-2-5 முகப்புத் திரை, இடைவெளியோடு 3-6 தேர்வு. அன்றைக்கு இவ்வளவு போதும். கடைசிப் பத்து நிமிடத்தில் வீட்டில் உள்ள ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பதில் விரல்நுனியில் எழும்ப வேண்டும். அந்தப் பதில் வந்த நாளுக்குப் பிறகு யாரும் பயிற்சியை விடுவதில்லை.

ஒரு விஷயத்தை ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும். கை ஒன்றுதான் கண்ணும் காதும். கற்பவர் டிஸ்ப்ளேயைப் படிக்கும்போது அவரிடம் பேச முடியாது; பேசும்போது அவர் படிக்க முடியாது. காது கேட்கும் பார்வையற்றவருக்கு அவர் தட்டத் தட்ட விளக்கம் சொல்லிக்கொண்டே போகலாம். இங்கே ஒன்றை முடித்துத்தான் அடுத்தது. ஆகவே அதே பாடத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். செவிப்பார்வையற்ற பயிற்சியாளருக்கு இந்தத் தாளம் இயல்பாகவே வரும். கை எப்போது "திரும்பி வருகிறது" என்பது அவர் கைக்குத் தெரியும்.

இன்னொன்று மொழி. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைதான் தாய்மொழி. தமிழோ ஆங்கிலமோ பள்ளியில் படித்த இரண்டாம் மொழி. பிரெய்ல் அந்த இரண்டாம் மொழியின் எழுத்து. புள்ளிகள் சரியாகத் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் திணறினால், "பிரெய்ல் வரவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிக்கல் சொல்வளத்தில் இருக்கும். அமைப்புகள், அறிவிப்பு, உறுதிசெய் போன்ற திரைச் சொற்களை முதலில் சைகையில் விளக்கி, பிறகு புள்ளியில் காட்ட வேண்டும். சைகை தெரிந்த பயிற்சியாளர் இல்லாமல் இது நடக்காது.

என்னென்ன கெடும்? பட்டியல் நீளம், அடிக்கடி வருபவற்றை மட்டும் சொல்கிறேன். ப்ளூடூத் இணைப்பு முதலிடம். இணைக்கும்போது வரும் எண்ணை உறுதிசெய்யச் சொல்லி அறிவிப்பு திரையில் வரும். டிஸ்ப்ளே இன்னும் இணையாததால் அந்த அறிவிப்பைப் படிக்க வழியில்லை. ஆகவே முதல் இணைப்பை இன்னொருவர் துணையோடு செய்ய வேண்டும். கணினியானால் கேபிளில் தொடங்கலாம். ஐஃபோனில் பொதுவான ப்ளூடூத் பட்டியலில் போய் இணைக்காமல், அதன் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரின் பிரெய்ல் பகுதியில் இணைக்க வேண்டும். அறிவிப்புகள் டிஸ்ப்ளேயில் சில நொடி வந்து மறைந்துவிடும். அந்த நேரத்தை நீட்டும் அமைப்பு அங்கேயே இருக்கிறது. கடவுச்சொல்லைச் சுருக்கெழுத்துப் பிரெய்லில் தட்டினால் மென்பொருள் அதை விரித்து வேறாக்கிவிடும். அந்த இடத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பெட்டியாக வரும் கணினிப் பிரெய்லுக்கு மாற வேண்டும். படத்தில் எழுத்தைக் கண்டுபிடி, இல்லையென்றால் ஒலியைக் கேள் என்று மறிக்கும் இணையதளங்கள் செவிப்பார்வையற்றவரை முழுதாக வெளியே நிறுத்துகின்றன. குரல் அழைப்பில் மட்டும் ஓடிபி தரும் சேவைகளும் அப்படியே. ஊசிகளில் அழுக்கு சேர்ந்தால் ஒரு புள்ளி இறங்காமல் நிற்கும். க 1-3, ம 1-3-4. நான்காம் ஊசி மாட்டிக்கொண்டால் "கரம்" "மரம்" ஆகிவிடும். படிப்பதற்கு முன் கை கழுவித் துடைப்பதும், மூடி போட்டு வைப்பதும் வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு.

நேரலை எழுத்தாக்கம் வந்தபின் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 2025 மே மாதம் ஆப்பிள் நிறுவனம் பேச்சை எழுத்தாக்கி நேராகப் பிரெய்ல் டிஸ்ப்ளேயில் தரும் வசதியை அறிவித்தது. நல்ல வசதி, கடைக்காரரிடம், மருத்துவரிடம் இரண்டு நிமிடம் பேச மிக உதவும். ஆனால் ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்கு 150 சொல் அளவில் ஓடும். விரல் அந்த வேகத்தில் படிப்பது அரிது. நான்கு பேர் பேசும்போது யார் சொன்னது என்று தெரியாது. ஃபுகுஷிமாவின் தோழி தட்டிக் கொடுத்த அந்தப் பெயரும் சிரிப்பும் இதில் வராது. எந்த இடத்துக்குக் கருவி போதும், எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் இரண்டு துறையும் கற்ற ஆசிரியரின் தனிப் பலம். கருவி செய்யும் பொறியாளர்கள் கடைசியில் சோதனைக்கு மட்டும் கூப்பிடாமல், வரைபடம் போடும்போதே இவர்களைக் கூப்பிட வேண்டும்.

இனி உங்கள் தங்கை. பிறவிச் செவிடு என்பதால் அஷர் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த வகை என்று மரபணுச் சோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் வகையில் உடல் சமநிலையும் பாதிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் கண்ணை நம்பி நேராக நடப்பார்கள்; இருட்டில் தள்ளாடுவார்கள். குடித்திருப்பதாக ஊரார் தவறாக நினைப்பதும் உண்டு. வெள்ளைக் கோல் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். நடக்கும்போது ஒரு கையில் கோல், மறு கை துணையாளர் முழங்கையில். பேச வேண்டுமென்றால் நின்று பேச வேண்டும். இதை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள்.

பார்வை இருக்கும்போதே பிரெய்ல். இருக்கும் பார்வைக்கு அவமானமாக அவள் நினைக்கலாம். கட்டாயப்படுத்தாமல், தினமும் அரை மணி நேரம். சைகையைக் கையால் வாங்கப் பழகுவதும் இப்போதே. முதலில் கண் திறந்தபடியே எதிரில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடித்துத் தொடரட்டும்; சுருங்கிய பார்வைக்குள்ளிருந்து சைகை நழுவாமல் இருக்க அது உதவும். சில மாதங்களில் மணிக்கட்டிலிருந்து கை மேலே ஏறிவிடும். அவள் கண்ணால் மட்டும் பார்க்கும்போது, பேசுபவர் சைகையை மார்புக்கு அருகே சிறிதாகச் செய்ய வேண்டும், சற்றுத் தள்ளி நிற்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், பின்னால் ஜன்னல் கூடாது. வெளிநாட்டுக் கையேடுகள் கறுப்புச் சட்டை போடச் சொல்லும். அது வெளிர்நிறக் கைகளுக்கு. மாநிறக் கைகளுக்கு இளநீலம், சந்தன நிறம் போன்ற ஒற்றை வெளிர்நிறம்தான் எடுப்பாகக் காட்டும்.

தொழிலுக்கு வருகையில், டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆய்வுப் பயிற்சி மையம், சைகை மொழி கற்பிக்கும் பட்டயப் படிப்பைக் காது கேளாதவர்களுக்கென்றே நடத்துகிறது. அவள் சரளம் அங்கே நேராகப் பயன்படும். பிரெய்ல், தொடு-சைகை, டிஸ்ப்ளே மூன்றும் அதோடு சேர்ந்தால், செவிப்பார்வையற்ற குழந்தைகளோடு வேலை செய்யும் நிறுவனங்கள் தேடும் ஆள் அவள்தான். அகமதாபாத்தில் 1997 முதல் இயங்கும் சென்ஸ் இன்டர்நேஷனல் இந்தியா, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இரண்டுக்கும் இப்போதே எழுதுங்கள். அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் கலந்துகொள்ளக் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் செவிப்பார்வையின்மை பல்வகைக் குறைபாட்டின் கீழ் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தில் அதற்கும் பங்கு உண்டு. அடையாள அட்டை எடுக்கும்போது காது கேளாதவர் என்று மட்டும் பதிந்துவிட்டால் அந்தப் பங்கு கைவிட்டுப் போகும். கண் பரிசோதனை அறிக்கையில் பார்வைப் பரப்பின் அளவு கட்டாயம் இருக்கட்டும். நேரே பார்க்கும் கூர்மை நன்றாக இருந்தாலும் பரப்பு சுருங்கியிருந்தால் அதுவும் சட்டப்படி பார்வைக் குறைபாடுதான்.